வக்கீல்களுக்குச் சட்ட ஆங்கிலம் நடத்துவது எப்படி? மலையில் ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு யோசனை வேண்டும்

சில்வர் ஓக் (குன்னூர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் வக்கீல் இல்லை. கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். குன்னூர், கோத்தகிரி கோர்ட்டுகளில் புதிதாகச் சேர்ந்த சில ஜூனியர்களும், கோயம்புத்தூரில் சட்டம் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து வந்து, சனிக்கிழமை மாலையில் சட்ட ஆங்கிலம் நடத்த முடியுமா என்று கேட்கிறார்கள். இடம் ஒரு சீனியர் தருகிறார். சம்பளம் எல்லாம் ஒன்றும் இல்லை, தேநீர் உண்டு.

சட்ட ஆங்கிலம் என்ற பெயரில் வெளிநாட்டில் தயாரித்த பாடங்கள் சிலவற்றைப் புரட்டிப் பார்த்தேன். கம்பெனி இணைப்பு, பங்கு விற்பனை, லண்டன் அலுவலகத்தில் கட்சிக்காரருக்கு மின்னஞ்சல் எழுதுவது என்று போகின்றன. இங்கிலாந்தில் 1999-இல் சிவில் நடைமுறை விதிகளை மாற்றியபோது வாதியின் பெயரையே பிளெயிண்டிஃப் என்பதிலிருந்து கிளெய்மண்ட் என்று மாற்றிவிட்டார்கள். அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு குன்னூர் முன்சீஃப் கோர்ட்டில் கிளெய்மண்ட் என்று எழுதினால் குமாஸ்தாவே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பிள்ளைகள் கேட்பது வேறு. ஒருவருக்கு லத்தீன் சொற்றொடர் பட்டியல் வேண்டும். இன்னொருவருக்கு "கோர்ட்டில் கம்பீரமாகப் பேச" வேண்டும். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை, ஆனால் எதில் நம்பிக்கை வைப்பது என்றும் தெரியவில்லை. வக்கீல்கள் சொல்லுங்கள்: உங்கள் அன்றாட வேலையில் ஆங்கிலம் எந்த இடத்தில் காலை வாருகிறது?

தமிழ்வழி

கேள்வியே தப்பு மேடம். மாவட்ட நீதிமன்றம் வரை நம் மாநிலத்தில் தமிழில் நடத்தலாம். 1956 ஆட்சிமொழிச் சட்டமும் அதற்கு 1976-இல் வந்த திருத்தமும் சாட்சியம், தீர்ப்பு எல்லாவற்றுக்கும் தமிழைக் கொண்டுவந்துவிட்டன. தமிழ் பேசும் வாதி, தமிழ் பேசும் பிரதிவாதி, தமிழ் பேசும் நீதிபதி, நடுவில் நாம் மட்டும் அரைகுறை ஆங்கிலத்தில் பிராது, அதாவது வாதியின் வழக்குரை, எழுதுகிறோம். நல்ல சட்டத் தமிழ் வகுப்பு வையுங்கள், முதல் ஆளாக வந்து உட்காருகிறேன்.

ஊட்டி சிவில்

தமிழ்வழி தம்பிக்குப் பிறகு வருகிறேன். முதலில் மேடத்துக்கு.

லத்தீன் பட்டியலைக் கேட்கிற பிள்ளைக்கு அதைக் கடைசி வகுப்பில் கொடுங்கள். அதனால் எவரும் வழக்கில் ஜெயித்து நான் பார்த்ததில்லை. நம் ஊர் சிவில் வழக்கில் ஆங்கிலம் தலையெழுத்தை மாற்றுகிற இடம் மறுப்புதான். ரிட்டன் ஸ்டேட்மெண்டில், அதாவது பிரதிவாதியின் பதிலுரையில், எதிரி சொன்னதை எப்படி மறுக்கிறோம் என்பது.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பிராதின் நான்காவது பாராவில் வாதி எழுதுகிறார்: பிரதிவாதி 10.01.2022 அன்று குன்னூரில் உள்ள தன் வீட்டில் வைத்து வாதியிடம் ரூ.3,00,000 கடன் வாங்கினார். நம் ஜூனியர் அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து நடுவில் ஒரு 'நாட்' போட்டுத் திருப்பி எழுதிவிடுவார்: பிரதிவாதி 10.01.2022 அன்று குன்னூரில் உள்ள தன் வீட்டில் வைத்து ரூ.3,00,000 வாங்கவில்லை. இலக்கணம் சுத்தம். ஆனால் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? மூன்று லட்சம் வாங்கவில்லை என்றால் இரண்டே முக்கால் வாங்கினாரா? வீட்டில் வைத்து இல்லை என்றால் தேயிலை ஃபேக்டரி வாசலில் வைத்தா? 10-ஆம் தேதி இல்லாவிட்டால் 11-ஆம் தேதியா?

சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 8 ரூல் 4 இந்த நழுவலைப் பற்றியே பேசுகிறது. அது கொடுக்கும் உதாரணமும் பணம்தான். ஒரு தொகையை வாங்கியதாகச் சொன்னால், அந்தத் தொகையை வாங்கவில்லை என்று மட்டும் மறுத்தால் போதாது. அதையோ அதில் எந்தப் பகுதியையோ வாங்கவில்லை என்று சொல்ல வேண்டும். வாங்கியிருந்தால் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். இதை எழுத என்ன பெரிய ஆங்கிலம் வேண்டும்? எட்டாம் வகுப்பு ஆங்கிலம் போதும். எதை மறுக்கிறோம் என்ற தெளிவுதான் இல்லை.

அடுத்தது நம் எல்லோருடைய ஃபைலிலும் இருக்கிற அந்தப் புகழ்பெற்ற வாக்கியம்: "பாரா 4 முதல் 11 வரையுள்ள கூற்றுகள் அனைத்தும் பொய், மறுக்கப்படுகின்றன, வாதி அவற்றைக் கண்டிப்பாக நிரூபிக்க வேண்டும்." கம்பீரமாக இருக்கும். ரூல் 3 இப்படி மொத்தமாக மறுப்பது போதாது என்கிறது. ரூல் 5 குறிப்பாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளும் என்கிறது. படாத் அண்ட் கோ வழக்கில், 1964 ஏ.ஐ.ஆர். தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது, உச்ச நீதிமன்றம் இந்த மூன்று விதிகளையும் சேர்த்து வைத்து விளக்கியது. அறுபது வருடம் ஆகிறது. நாம் இன்னும் அந்த வாக்கியத்தை டைப்பிஸ்டிடம் "வழக்கம்போல போட்டுடு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே என் யோசனை: முதல் மாதம் முழுக்க மறுப்பு மட்டும் நடத்துங்கள். ஒரு பாரா கொடுங்கள். மறுக்கிறேன், தெரியாததால் ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்புக்கொள்கிறேன், இவ்வளவு வரை ஒப்புக்கொண்டு மிச்சத்தை மறுக்கிறேன் என்று நாலு விதமாக எழுதச் சொல்லுங்கள். இந்த நாலுக்கும் வித்தியாசம் தெரிந்த ஜூனியரை எந்தச் சீனியரும் விடமாட்டார்.

கூடலூர்க்காரன்

ஊட்டி சிவில் சார், நான் கோவையில் நான்காம் ஆண்டு. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். எனக்கு எழுதுவதைவிடப் படிப்பதுதான் பிரச்சினை. பேர் ஆக்டை, அதாவது விளக்கவுரை இல்லாத வெறும் சட்டப் புத்தகத்தை, திறந்தால் ஒரு பிரிவு அரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியமாக இருக்கிறது. "சப்ஜெக்ட் டு" என்று ஆரம்பித்து, "நாட்வித்ஸ்டாண்டிங்" என்று குறுக்கே ஒன்று வந்து, முடிந்தது என்று நினைக்கும்போது "ப்ரொவைடட் தட்" என்று மறுபடி கிளம்புகிறது. ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியும், மொத்தமாக என்ன சொல்கிறது என்று கேட்டால் தெரியாது. கைடு வாங்கி மனப்பாடம் செய்துதான் தேறுகிறேன்.

எங்கள் ஊரில் நிலம் என்றாலே, ஜன்மம் என்கிற பழைய பரம்பரை நிலவுடைமையை ஒழித்த 1969 சட்டம்தான் பேச்சு. வீட்டில் "நீ சட்டம் படிக்கிறாயே, நம் இடத்துக்கு என்ன சொல்கிறது, படித்துச் சொல்" என்றார்கள். எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த லீவில் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சில்வர் ஓக் (குன்னூர்)

கூடலூர்க்காரன், இதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், அதனால் நாம் கடைசிவரை பொறுமையாகக் காத்திருந்து பழகியவர்கள். ஆங்கிலச் சட்டத்தில் அப்படிக் காத்திருந்தால் ஏமாந்துபோவோம். முக்கிய வினை நடுவில் எங்கேயோ உட்கார்ந்திருக்கும், அதற்கு முன்னாலும் பின்னாலும் நிபந்தனைகள். அதனால் முதல் வாசிப்பில் "ஷல்" அல்லது "மே" எங்கே இருக்கிறது என்று தேடி அடிக்கோடு போடுங்கள். அதற்கு இடதுபக்கம் போய், யார் என்று கண்டுபிடியுங்கள். வலதுபக்கம், என்ன செய்ய வேண்டும். இந்த மூன்றை மட்டும் தமிழில் ஒரு வரியாக எழுதுங்கள். பிறகு "சப்ஜெக்ட் டு", "நாட்வித்ஸ்டாண்டிங்", "ப்ரொவைடட்" ஒவ்வொன்றையும் தனி வரியாக அதன் கீழே எழுதுங்கள். "சப்ஜெக்ட் டு" என்றால் குறிப்பிட்ட அந்தப் பிரிவு இதற்கு மேல். "நாட்வித்ஸ்டாண்டிங்" என்றால் இது அதற்கு மேல். யார் யாருக்கு மேல் என்பது தெரிந்தால் பாதி முடிந்தது.

அப்புறம், பேர் ஆக்டில் உதாரணங்கள் வரும் இல்லையா? ஏ, பி, இசட் என்று ஆட்கள் வருவார்களே. அதைத் தாண்டிப் போய்விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆங்கிலம் படிக்க அதைவிட நல்ல வாக்கியங்கள் கிடைக்காது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் திருட்டுக்கு முதல் உதாரணமே, இசட்டின் நிலத்தில் இருக்கும் மரத்தை, இசட்டின் சம்மதம் இல்லாமல் கொண்டுபோகும் நேர்மையற்ற எண்ணத்தோடு ஏ வெட்டுகிறார் என்பது. மரம் தரையிலிருந்து பிரிந்த உடனே திருட்டு முடிந்துவிட்டது. சில்வர் ஓக் வெட்டுத் தகராறு பார்க்கிற நம் ஊர் வக்கீலுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் ஏது?

எஸ்டேட் வாசி

அந்தச் சட்டத்தை வரைந்த மெக்காலே அந்த உதாரணங்களை எழுதியதே நம் ஊட்டியில் உட்கார்ந்துதானே! நம் மரங்களைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார் 🙂

பழைய பெஞ்ச் கிளார்க்

ஊட்டியில் எல்லோரும் சொல்கிற கதை இது, ஆனால் தேதி ஒத்துவராது. மெக்காலே 1834-இல் சென்னையில் இறங்கியதும் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க்கைப் பார்க்க மலையேறி வந்தார், மழைக்காலத்தை இங்கே கழித்தார், அதுவரை உண்மை. சட்டக் கமிஷன் கல்கத்தாவில் அமைந்தது 1835-இல். வரைவு முடிந்தது 1837-இல். சட்டமானது 1860-இல். எஸ்டேட் வாசி கோபித்துக்கொள்ள வேண்டாம். அதோடு அன்றைக்கு ஊட்டியில் சில்வர் ஓக் ஏது, அது பின்னால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம்.

மேடம் கேட்டதற்கு என் பங்குக்கு ஒன்று. சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். ஆங்கிலம் காலை வாருகிற இடம் எழுத்தில் மட்டும் இல்லை, சாட்சியத்திலும் உண்டு. குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்பார்: "நீங்கள் அன்றைக்குக் கோத்தகிரிக்குப் போகவில்லை, அப்படித்தானே?" சாட்சி "ஆமாங்க" என்பார். தமிழில் இதற்கு, நீங்கள் சொல்வது சரி, நான் போகவில்லை என்று பொருள். அதையே "யெஸ்" என்று ஆங்கிலத்தில் வைத்தால் போனேன் என்றாகிவிடும். சாட்சியத்தைக் கேள்வி பதிலாக எழுதுவது அபூர்வம். இரண்டையும் சேர்த்து சாட்சியே கதை சொல்வதுபோல நீதிபதி சொல்லச் சொல்ல டைப் ஆகும். அந்த இடத்தில் எதிர்மறை ஒரு சுற்று சுற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது, அப்பீலில்தான் தெரியும்.

சஜஷன் போடும்போது, அதாவது வக்கீல் தன் தரப்பைச் சாட்சி முன் வைக்கும்போது, இன்னும் மோசம். "நீங்கள் பணம் கொடுக்கவில்லை என்கிறேன்." "சரியில்லைங்க." இது ஆங்கிலத்தில், நான் பணம் கொடுக்கவில்லை என்பது சரியல்ல, என்று இரட்டை எதிர்மறையாகப் பதிவாகும். பரவாயில்லை, பொருள் சரிதான். ஆனால் வக்கீல் தன் கேள்வியிலேயே ஏற்கெனவே இரண்டு "இல்லை" வைத்திருந்தால், மூன்றாவது "இல்லை" வந்ததும் கூண்டில் இருப்பவர், வக்கீல், டைப்பிஸ்ட் மூன்று பேரும் மூன்று பக்கம் போய்விடுவார்கள். படுக மொழியில் பேசுகிற வயதான அம்மா சாட்சியாக வந்தால் இடையில் தமிழ் வேறு ஒரு படி. இதற்கு ஒரு பயிற்சி வையுங்கள் மேடம்: கேள்வியில் ஒரே ஒரு விஷயம், "இல்லை" இல்லாமல். "அன்றைக்குக் கோத்தகிரிக்குப் போனீர்களா?" அவ்வளவுதான். ஜூனியர்கள் செய்யவே மாட்டார்கள், சாதாரணமாகக் கேட்டால் மரியாதை இல்லை என்று நினைக்கிறார்கள்.

கோத்தகிரி ஜூனியர்

கிளார்க் ஐயா சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன். போன மாதம் எனக்கே ஒரு சாட்சி "ஆமாங்க, இல்லைங்க" என்று ஒரே மூச்சில் பதில் சொன்னார்.

நான் சொல்ல வந்தது அஃபிடவிட் (சத்தியம் செய்து எழுதித் தரும் வாக்குமூலம்) பற்றி. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 2002 திருத்தத்துக்குப் பிறகு முதல் விசாரணையே அஃபிடவிட்தான், சாட்சி கூண்டில் ஏறும் முன்பே அவருடைய சாட்சியம் நம் ஆபீஸில் தயாராகிவிடுகிறது. எங்கள் பக்கம் பல ஆபீஸ்களில் அது பிராதின் நகல். "வாதி" என்று இருந்த இடத்தில் "நான்" என்று மாற்றினால் முடிந்தது. ஐந்து ஏக்கர் தேயிலைக்காரர், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர், ஆங்கிலத்தில் "ஐ சப்மிட் தட் தி அவெர்மெண்ட்ஸ் (கூற்றுகள்)" என்று சத்தியம் செய்கிறார். தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது என்று கீழே ஒரு வரி. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு சீனியர் முதல் கேள்வியாகக் கேட்பார்: "அவெர்மெண்ட்ஸ் என்றால் என்னங்க?" பாவம், மனிதர் நம்மைப் பார்ப்பார்.

அதற்காக நான் செய்வது: சாட்சியைத் தமிழில் பேசவிட்டு ஃபோனில் பதிவு செய்கிறேன். அவர் எந்த வரிசையில் சொன்னாரோ அந்த வரிசையில், அவர் பார்த்ததை மட்டும், சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக எழுதுகிறேன். மகன் சொல்லித் தெரிந்தது என்றால் மகன் சொன்னான் என்று எழுதுகிறேன். என் சீனியர் முதலில் "இது என்ன ஸ்கூல் காம்போசிஷன் மாதிரி இருக்கு" என்றார். இரண்டு வழக்கில் சாட்சி கூண்டில் ஆடாமல் நின்றதைப் பார்த்த பிறகு ஒன்றும் சொல்வதில்லை.

மேடம், ஒரு வேண்டுகோள். பழைய ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டுகிற பழக்கத்துக்கு ஒரு வகுப்பு வையுங்கள். பிரதிவாதி பெண்ணாக இருக்கும் வழக்கில் "ஹிஸ் வைஃப்" என்று ஒரு பிராது இந்த மலையில் கோர்ட்டில் பதிவாகி நம்பரே ஆகிவிட்டது. யாருடையது என்று சொல்லமாட்டேன்.

எல்.பி.ஓ. முன்னாள்

எதிர்க்கருத்து ஒன்று. சென்னையில் வெளிநாட்டு ஒப்பந்தங்களைப் படித்துச் சரிபார்க்கும் வேலையில் சில வருடம் இருந்தேன். மேடம் ஒதுக்கிவைத்த அந்த வெளிநாட்டுப் பாடங்களும், டோலஸ் போன்ற சட்ட ஆங்கிலத் தேர்வுகளும் அங்கே எனக்கு உதவின. எல்லாப் பிள்ளைகளும் மலையிலேயே பிராக்டிஸ் செய்யப் போவதில்லையே? பாதிப் பேர் இறங்கிப் போய்விடுவார்கள். ஒப்பந்த ஆங்கிலம் தெரியாமல் போனால் கஷ்டம்.

சில்வர் ஓக் (குன்னூர்)

நியாயம். அவர்களுக்குத் தனியாகச் சொல்லித்தரலாம். ஆனால் மறுப்பு எழுதத் தெரிந்தவர் ஒப்பந்தம் படிக்கக் கற்றுக்கொள்வார். எதிர்த்திசையில் அது நடக்கும் என்று தோன்றவில்லை.

கொடைமலை

நான் கொடைக்கானலில் பிராக்டிஸ். உங்களைவிட நாங்கள் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள், 2004-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வந்த பிறகு அப்பீலுக்குக் காலையில் இறங்கி இரவு திரும்பலாம். நீலகிரிக்கு இன்னும் சென்னைதான், ராத்திரி ரயில்தான்.

இரண்டு விஷயம். கிளார்க் ஐயா சாட்சியத்தைச் சொன்னார், ஊட்டி சிவில் சார் மறுப்பைச் சொன்னார். பிராதிலும் ஒரு இடத்தில் காலம் காட்டும் வினை வழக்கையே ஆட்டிவிடும். கிரைய ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கேட்கும் வழக்கு. குறித்தவகைப் பரிகாரச் சட்டம் 16-ஆம் பிரிவு, வாங்குகிறவர் தன் பங்கை நிறைவேற்ற எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்துவருகிறார் என்பதைக் கேட்கிறது. தயார் என்றால் பணத்துக்கு வழி இருப்பது, விருப்பம் என்றால் நடத்தையில் தெரிவது. ஜூனியர்கள் "வாஸ் ரெடி அண்ட் வில்லிங்" என்று எழுதிவிடுகிறார்கள். வாஸ் என்றால், இருந்தார். இப்போது? எதிர்த்தரப்புக்கு ஒரு வாய்ப்பு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் பின்னிணைப்பு ஏ, படிவம் 47-ஐப் பாருங்கள்: "ஹேஸ் பீன் அண்ட் ஸ்டில் இஸ் ரெடி அண்ட் வில்லிங்." அன்றிலிருந்து இருந்துவருகிறார், இன்றும் இருக்கிறார். ஒரே மூச்சில் இரண்டு காலத்தையும் பூட்டிவிட்டார்கள்.

அதே சொற்களைக் கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை, மொத்தப் பிராதையும் படித்துப் பார்க்க வேண்டும் என்று 1999-இல் சையத் தஸ்தகீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2018 திருத்தத்தில், பிராதில் சொல்லி நிரூபிக்க வேண்டும் என்றிருந்தது நிரூபிக்க வேண்டும் என்று மட்டும் ஆகிவிட்டது. ஆனால் பிராதில் சொல்லாததற்குச் சாட்சியம் எப்படிக் கொடுப்பீர்கள்? எழுதிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

அந்தப் பின்னிணைப்பு ஏ-வை முழுசாகவே பாடமாக வையுங்கள் மேடம். 1908-இல் எழுதியது. கடன் கொடுத்த வழக்குக்கான முதல் படிவம் ஐந்தாறு வரிதான். இன்ன தேதியில் இவ்வளவு ரூபாய் கடன் கொடுத்தார், இன்ன தேதியில் திருப்ப வேண்டும், திருப்பவில்லை. "மோஸ்ட் ரெஸ்பெக்ட்ஃபுல்லி" கிடையாது, "ஹியரின்பிஃபோர்" கிடையாது. பொருந்தும் இடத்தில் இந்தப் படிவங்களைப் பயன்படுத்த வேண்டும் என்று ஆர்டர் 6 ரூல் 3 சொல்கிறது. நாம் நீட்டி முழக்குவதைப் பழைய காலத்து ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பழைய காலத்து ஆங்கிலம் நம்முடையதைவிட எளிமையாக இருக்கிறது.

இரண்டாவது, கிளைக்கு அப்பீல் போகும்போது தமிழ் ஆவணங்களை மொழிபெயர்க்க வேண்டுமே, அதில் சொத்தின் நான்கெல்லை. பூம்பாறைப் பக்கத்துப் பழைய பத்திரத்தில் "ராமசாமி பூண்டுக்காட்டுக்கு மேற்கு, ஓடைக்குக் கிழக்கு" என்று இருக்கும். நம் சொத்து ராமசாமி காட்டுக்கு மேற்கில் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் ராமசாமி காடு நமக்குக் கிழக்கு எல்லை. இதை அவசரத்தில் "வெஸ்ட்: ராமசாமியின் நிலம்" என்று அட்டவணை போட்டுவிடுகிறார்கள். சொத்து அப்படியே புரண்டு படுத்துவிடும். கோர்ட் அனுப்பும் கமிஷனரின் வரைபடத்தோடு ஒத்துவராது. எந்த டிக்‌ஷனரியும் இதற்கு உதவாது, பத்திரம் படிக்கத் தெரிய வேண்டும்.

கூடலூர்க்காரன்

கொடைமலை அண்ணா, எங்கள் டிராஃப்டிங் பேப்பரில் இந்தப் பின்னிணைப்பை யாரும் காட்டியதே இல்லை. பார் கவுன்சிலின் 2008 விதிப்படி கட்டாயப் பேப்பர் அது. ஆனால் நாங்கள் செய்தது ரெக்கார்டு நோட்டில் போன வருட சீனியர் எழுதியதைப் பார்த்து எழுதியதுதான்.

தமிழ்வழி

எல்லோரும் பேசுவதைப் பார்த்தால் என் கட்சிதான் ஜெயிக்கிறது போலிருக்கிறது. மறுப்பு, சாட்சி, நான்கெல்லை, எல்லாமே தமிழில் யோசிக்கத் தெரியாததால் வந்த கோளாறு. பிறகு எதற்கு ஆங்கிலம்?

ஊட்டி சிவில்

தம்பி, இப்போது உங்களிடம் வருகிறேன். பாதி சரி. கீழ் கோர்ட்டில் நீங்கள் தமிழில் எழுதுங்கள், நானே பல வழக்குகளில் எழுதியிருக்கிறேன், கட்சிக்காரருக்கும் புரிகிறது. ஆனால் உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான் மொழி என்று அரசியல் சாசனம் 348-ஆவது பிரிவு நிற்கிறது. தமிழையும் அங்கே வழக்கு மொழியாக்க வேண்டும் என்று நம் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டது. இன்னும் நடக்கவில்லை. நடந்தாலும், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் போல வாதத்தின் மொழி மாறும், தீர்ப்பு ஆங்கிலத்திலும் இருந்தாக வேண்டும். முன்தீர்ப்பு எல்லாம் ஆங்கிலத்தில் கிடக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழில் வர ஆரம்பித்திருக்கின்றன, நல்லது, ஆனால் வாதத்துக்கு நாம் காட்டுவது ஆங்கில மூலத்தைத்தான். அந்த நாள் வரும்வரை இந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கட்சிக்காரரின் அப்பீலை சென்னை வக்கீலிடம் ஒப்படைத்துவிட்டு, ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடத் தெரியாமல் ஃபோனில் "என்னாச்சு சார்" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மற்றப் பாதியில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. தமிழில் தெளிவில்லாதது ஆங்கிலத்தில் தெளிவாகாது. அதனால் ஒரு ஒப்பந்தம்: ஆங்கிலத்தில் டிராஃப்ட் போடும் முன் தேதிவாரியாக நடந்ததைத் தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். ஒவ்வொரு வரியிலும் யார் செய்தார் என்று இருக்க வேண்டும். "கிரையம் செய்து கொடுக்கப்பட்டது" என்று எழுதினால் அடித்துவிட வேண்டும். யார் கொடுத்தது?

கோத்தகிரி ஜூனியர்

சார், இதை எங்கள் ஆபீஸ் சுவரில் ஒட்டலாமா?

சில்வர் ஓக் (குன்னூர்)

நினைத்ததைவிட அதிகமாகக் கிடைத்துவிட்டது, நன்றி. ஊட்டி சிவில் சார் மறுப்பில் தொடங்கச் சொல்கிறார். நான் அதற்கு ஒரு படி முன்னால், தேதிவாரித் தமிழ்ப் பக்கத்தில் தொடங்குகிறேன். அதே பக்கத்தைப் படிவம் 1 போல ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பிறகு ஃபைலை மாற்றிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் எழுதிய பிராதுக்கு மறுப்பு எழுத வேண்டும். எதிராளி நிஜமாகவே எதிரில் உட்கார்ந்திருந்தால் நழுவல் தானாகப் பிடிபடும் என்று எதிர்பார்க்கிறேன். இலக்கணத்தைத் தனியாக நடத்தப்போவதில்லை. தப்பு வரும் இடத்தில் மட்டும். பேச்சுக்கு, கிளார்க் ஐயா ஒரு சனிக்கிழமை வந்து சாட்சியாக உட்கார முடியுமா?

வாசிப்புக்கு என்ன வைக்கலாம்? மோசமான உதாரணமும் ஒன்று வேண்டும்.

ஊட்டி சிவில்

மோசமானதற்கு: ஸ்டேட் பேங்க் எதிர் அஜய் குமார் சூட், ஆகஸ்ட் 2022. இமாச்சல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று என்ன சொல்கிறது என்றே புரியவில்லை என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்து திருப்பி அனுப்பிய வழக்கு. தீர்ப்பை எப்படி எழுத வேண்டும் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள்: பிரச்சினை, விதி, பொருத்திப் பார்த்தல், முடிவு, பாராவுக்கு எண். உயர் நீதிமன்றத்துக்கே இந்த நிலை என்று தெரிந்தால் பிள்ளைகளுக்குக் கூச்சம் போய்விடும்.

நல்லதற்கு: கோதவர்மன் வழக்கில் 12.12.1996 உத்தரவு. கூடலூர்க் காட்டுக்காக நிலம்பூர்க்காரர் போட்ட வழக்கு, நாடு முழுக்க வன வழக்காக ஆனது. உத்தரவில் பொதுவாகவும், சில மாநிலங்களுக்குத் தனித்தனியாகவும், யார் என்ன செய்யக்கூடாது என்று எண் போட்டு எழுதியிருக்கிறார்கள். கூடலூர்த் தம்பி இதைப் படித்தால் ஜன்மம் சட்டத்துக்கும் தைரியம் வரும்.

கூடலூர்க்காரன்

படிக்கிறேன் சார். வீட்டில் கேட்டதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

பழைய பெஞ்ச் கிளார்க்

சாட்சியாக வருகிறேன் மேடம். ஆனால் சத்தியம் செய்துவிட்டுப் பொய்தான் சொல்வேன், கண்டுபிடிப்பது பிள்ளைகள் பாடு.

ஒரு எச்சரிக்கை. நிஜ ஃபைல் கொண்டுவரச் சொல்லாதீர்கள். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது வெளியே போகக்கூடாது, பழைய சாட்சியச் சட்டத்தில் 126-ஆவது பிரிவு, புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. நம் ஊர் சின்ன ஊர், பெயரை அடித்தாலும் எந்த ஹட்டி (படுகர் ஊர்), எந்தத் தோட்டம் என்று ஒரு வரியில் தெரிந்துவிடும். தேதி, தொகை, ஊர் எல்லாம் மாற்றி, மேடமே ஒரு கற்பனை வழக்கு செய்துகொள்ளட்டும்.

கொடைமலை

கற்பனைச் சொத்துக்கு நான்கெல்லை நான் எழுதித் தருகிறேன். ஒன்று வேண்டுமென்றே தப்பாக இருக்கும்.

தமிழ்வழி

நானும் வருகிறேன். தேதிவாரிப் பக்கம் வரை உட்காருவேன். படிவம் 1 ஆரம்பித்ததும் தேநீர் குடிக்கப் போய்விடுவேன்.

ஊட்டி சிவில்

தாராளமாகப் போங்கள் தம்பி. அந்தப் பக்கத்துக்குப் பாரா எண் போட்டுவிட்டுப் போங்கள்.